மூன்றாம் தண்ணீர்

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் அந்த நாளில் தண்ணீருக்குப் பஞ்சம் கிடையாது. அதனால் அந்தச் சொல்லுக்கும் பெரிய மரியாதை கிடையாது. வாய்க்காலில் ஓடும், குளத்தில் கிடக்கும், மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளேயே வரும். என் தகப்பனார் என்னைப் பற்றி யாராவது விசாரித்தால், "அவனைத் தண்ணி தெளிச்சு விட்டாச்சு" என்பார். பள்ளி இறுதி வகுப்பில் இரண்டு தடவை தோற்றுவிட்டு, பெங்களூருக்கு ஓடிப்போய், தையல் மிஷின் கடையில் பிட்டராகச் சேர்ந்தவனைப் பற்றி வேறென்ன சொல்வது? எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. தண்ணீர் என்ற சொல்லின் மதிப்பு எனக்குத் தெரிந்தது அதற்கப்புறம்தான். ஓசூருக்குத் தெற்கே, மலைக்குள், முன்பின் தெரியாத ஒரு வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது தெரிந்தது.

ஐம்பதுகளின் நடுவில், ஒரு சித்திரை மாதம். எங்கள் கடைக்கு நஞ்சப்பா என்று ஒரு மில் தொழிலாளி வந்தார். அவருடைய அக்கா மகளுக்கு வைகாசி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம். தாய்மாமன் சீராகத் தையல் மிஷின் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. மில்லில் லீவு கிடைக்கவில்லை. முதலாளி என்னைப் பார்த்தார். "நீ கொண்டுபோய் இறக்கி, பூட்டி, அந்தப் பெண்ணுக்கு மூன்று நாள் ஓட்டக் கற்றுக் கொடுத்துவிட்டு வந்துவிடு" என்றார். ஊர் நாட்றாம்பாளையத்துக்குப் பக்கம் என்றார்கள். அது எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. மூன்று நாள்தானே என்று இரண்டு வேட்டியோடு கிளம்பிவிட்டேன்.

மைசூர்ச் சீமை முடிந்து சென்னை ராஜ்யம் தொடங்கும் இடத்தில் பஸ்ஸை நிறுத்தினார்கள். அங்கே மது உண்டு, இங்கே மதுவிலக்கு. ஒரு போலீஸ்காரர் ஏறி, என் பெட்டியைத் தடியால் தட்டி, "தண்ணி கிண்ணி வச்சிருக்கியா?" என்றார். கூஜாவை நீட்டி, "இருக்கு சார், குடிக்கிறீங்களா?" என்றேன். பஸ்ஸே சிரித்துவிட்டது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பெட்டியைத் திறக்கச் சொன்னார். மிஷின் எண்ணெய்ப் புட்டி கிடைத்தது. மோந்து பார்த்தார், விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார், பிறகு ஜன்னல் வழியாகத் துப்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் என் கூஜாத் தண்ணீரை வாங்கித்தான் வாய் கொப்பளித்தார்.

ஓசூரில் மாறி ஏறிய பஸ் பாதி வழியில் புகைந்து நின்றது. டிரைவர் திரும்பிப் பார்த்து, "வண்டிக்குத் தண்ணி காட்டணும், எல்லாரும் எறங்குங்க" என்றார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக் கேட்டிருக்கிறேன். பஸ்ஸுக்குக் காட்டி அன்றுதான் பார்த்தேன். ஏரி ஒரு கூப்பிடு தூரத்தில் இருந்தது. பிரயாணிகள் வரிசையாக நின்று தகரத்தைக் கைமாற்றினார்கள். ஏரிக்கரையில் நின்ற அம்மாள் "நீரு" என்று கொடுத்தாள். நடுவில் நின்றவர் "நீள்ளு, நீள்ளு" என்று வாங்கினார். என் கைக்கு வரும்போது அது "தண்ணி" ஆகிவிட்டது. கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் அங்கே எல்லோருக்கும் தண்ணீர் பட்ட பாடு. நான்தான் மூன்று வருஷம் பெங்களூரில் இருந்தும் கன்னடத்தில் விலை கேட்க மட்டும் கற்றிருந்தேன்.

தேன்கனிக்கோட்டையில் இறங்கியபோது பசி காதை அடைத்தது. ஒரு சாப்பாட்டுக் கடையில் சோறு கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தேங்காய் அளவுக்கு ஒரு ராகிக் களி உருண்டையை இலையில் வைத்து, மேலே கொள்ளுக் குழம்பை ஊற்றினார். நான் அதைப் பல்லால் மென்றேன். மென்றேன், மென்றேன், மென்றுகொண்டே இருந்தேன். பக்கத்து இலைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, அது மெல்றதுக்கு இல்ல. கிள்ளு, குழம்புல தோய், முழுங்கு. உன் பல்லுக்கு அங்க வேலையே கெடையாது" என்றார். விழுங்கினேன். வயிற்றில் போய்க் கல்லாக உட்காரும் என்று பயந்தேன். மறுநாள் மத்தியானம் வரை பசியே எடுக்கவில்லை. காவிரிச் சோற்றுக்கு அந்தத் தெம்பு கிடையாது என்பதை அன்றைக்கே ஒப்புக்கொண்டிருக்கலாம். எனக்கு வீம்பு.

மறுநாள் மூங்கில் ஏற்றப் போகும் ஒரு காலி லாரியில், மிஷினைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அஞ்செட்டிக்குப் போய்ச் சேர்ந்தேன். எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடியது. அங்கே பெண்ணின் தகப்பனார் மாதையன் மாட்டு வண்டியோடு காத்திருந்தார். ஐம்பது வயதுக்கு உட்பட்டவர், உயரமாக, தலையில் அழுக்குத் துண்டோடு. மிஷினைத் தொட்டுக் கும்பிட்ட பிறகுதான் என் பக்கமே திரும்பினார். "நஞ்சப்பன் சொன்னபடி செஞ்சிட்டானே!" என்று இரண்டு தடவை சொன்னார்.

வண்டி காட்டுப் பாதையில் போனது. யானைச் சாணத்தைக் காட்டி, "நேத்து போட்டது, பயப்படாதீங்க" என்றார். நேற்றுப் போட்ட யானை இன்று எங்கே என்று நான் கேட்கவில்லை. அவருடைய பேச்செல்லாம் கிணற்றடி ராகியைப் பற்றி. "ரெண்டு தண்ணி கட்டிட்டேன். இன்னும் மூணு தண்ணி கட்டிட்டா கதிரு முத்திடும்" என்றார்.

"தண்ணியை எண்ணுவீங்களா?" என்று சிரித்தேன்.

"பின்ன? கெணத்துல இருக்கறதே அவ்ளோதானே. நட்டன்னைக்கு ஒரு தண்ணி. மூணாம் நாளு ஒன்னு கட்டணும், அதுக்குப் பேரு உயிர்த்தண்ணி. அது ஒன்னு தப்பிப் போச்சுன்னா அப்புறம் நூறு தண்ணி கட்டினாலும் நாத்து எழும்பாது."

எங்கள் ஊரில் தண்ணீரை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. இங்கே எல்லாவற்றையும் தண்ணீரால் எண்ணினார்கள். நாங்கள் போய் இறங்கியபோது மாதையனின் மனைவி முனியம்மா கீரை கழுவிக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்து, "ஒரு தண்ணிதான் ஆச்சு. இன்னும் ரெண்டு தண்ணி அலசினாத்தான் மண்ணு போகும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அலசிய தண்ணீரைக் கொட்டாமல் மாட்டுத் தொட்டிக்குக் கொண்டுபோனாள்.

அந்த வீட்டில் ஒரே ஓர் உள்ளறை. அதில் கல்யாண அரிசி மூட்டை, வெல்லம், புதுப் பாய்கள். மிஷினைக் கூடத்தில் வெளிச்சமான இடத்தில் பூட்டினேன். மூன்றாம் நாள் காலையில் பாடம் தொடங்கியது. கல்யாணப் பெண் காளியம்மாவுக்குப் பதினெட்டு வயதிருக்கும். ஆள் ஒல்லி, வாய் கெட்டி. மிதிகட்டையை அவள் பின்பக்கமாக மிதிக்க, நூல் சிக்கி அறுந்தது. "மிஷினுக்கு ரிவர்ஸ் ஆகாது" என்றேன். "எங்க மாட்டுக்கும் ஆகாது, அது இப்படியா முரண்டு பண்ணுது?" என்றாள். ஒரு மணி நேரத்தில் கோடு பிசகாமல் தைக்க ஆரம்பித்துவிட்டாள். தன் கல்யாண ரவிக்கையைத் தானே தைக்கப் போவதாகச் சொன்னாள். துணியை எடுத்து வந்து காட்டினாள். குங்குமச் சிவப்பு.

எனக்கு அன்று காலையிலிருந்தே உடம்பு கணகணத்தது. லாரி ஆட்டம் என்று நினைத்தேன். முதுகு வலித்தது. களியின் மேல் பழியைப் போட்டேன். கழுத்தடியில் இரண்டு கொப்புளம் தட்டுப்பட்டபோது மூட்டைப்பூச்சியின் மேல் போட்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளுக்குள் தெரிந்துதான் இருந்தது. சட்டைப் பித்தானைக் கழுத்து வரை போட்டு மறைத்துக்கொண்டேன். எப்படியாவது பாடத்தை முடித்துவிட்டு ஓடிவிடலாம் என்று கணக்கு. அந்தக் கணக்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஊசியில் நூல் கோக்கக் குனிந்தேன். காளியம்மா என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, இது என்ன?"

"கொசு கடிச்சிருக்கு."

"கொசு நெத்தியில கோலம் போடாது" என்றாள். பிறகு எழுந்து, ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "அம்மா! நம்ம வீட்டுக்கு மாரியம்மா வந்திருக்காங்க."

அவளுடைய கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள். அம்மை வந்த வீட்டில் என்னென்ன ஆகாது என்று அவளுக்குத் தெரியாதா? மூன்று தண்ணீர் தலைக்கு ஊற்றி முடியும் வரை விசேஷம் ஆகாது, தாளிப்பு ஆகாது, ஊசி எடுக்கக் கூடாது, வீட்டு ஜனம் வெளியூர் போகக் கூடாது. முதல் தண்ணீருக்கே ஏழு நாள் ஆகும். மூன்றும் ஊற்றி முடியப் பதினைந்து நாள். என்னைச் சட்டைப் பித்தானோடு விட்டிருந்தால் நான் மறுநாள் போயிருப்பேன். அவள் விடவில்லை.

முனியம்மா வந்து பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வேப்பிலை ஒடித்து வந்து வாசலில் செருகினாள். மிஷினின் மேல் புதுப் பாயைப் போர்த்தினாள். அரிசி மூட்டைகளை மாதையன் கூடத்துக்கு இழுத்துப் போட்டார். உள்ளறையைச் சாணம் தெளித்து மெழுகி, வேப்பிலை பரப்பி, என்னைப் படுக்க வைத்தார்கள். நான் என்ன ஜாதி, என்ன குலம் என்று அந்த நேரம் வரை யாரும் கேட்கவில்லை. அப்புறமும் கேட்கவில்லை.

அன்று முழுக்க நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். மறுநாள் காலையில் மாதையன் கிணற்றடிக்கும், பெண்கள் விறகுக்கும் போன நேரம் பார்த்து எழுந்தேன். நான் போய்விட்டால் வீட்டைக் கழுவிவிட்டுக் கல்யாணத்தை நடத்திக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். நல்ல எண்ணம்தான், ஆனால் கால் ஒத்துழைக்கவில்லை. ஓடைப் பள்ளம் வரை நடந்தேன். வெயில் தலைக்குள் இறங்கியது. ஒரு புங்க மரத்தடியில் உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டேன்.

கண்ணைத் திறந்தபோது எதிரே மாட்டு வண்டி. மாதையன் கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைத்ததைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார். காலெல்லாம் சேறு.

"எங்க கெளம்பினீங்க?"

"நான் இருந்தா உங்க பொண்ணு கல்யாணம் நின்னுடும் அண்ணே. என்னை அஞ்செட்டியில விட்டுடுங்க, எப்படியாவது போயிடறேன்."

அவருக்கு வந்ததே ஒரு கோபம்! "வீட்டுக்கு வந்தவளைத் தொரத்திட்டு அந்தப் பந்தல்ல நான் எந்த மூஞ்சிய வச்சிகினு நிக்கறது? நீங்க செத்துகித்துப் போனா நஞ்சப்பனுக்கு என்னான்னு பதில் சொல்றது? ஏறுங்க. ஏறுங்கன்றேன்!" தூக்கித்தான் போட்டார். வண்டி திரும்பிப் போகும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். நான் அழுதுகொண்டே போனேன். காய்ச்சலா, நன்றியா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பிறகு நாட்கள் கொதித்தன. உடம்பில் ஓர் ஊசி முனை வைக்க இடமில்லை. முனியம்மா காலையில் மோர் கலந்த ராகிக் கூழ் தருவாள், மாலையில் மறுபடி கூழ். அந்தக் கூழைப் போலக் குளிர்ந்த ஒன்றை நான் எங்கள் காவிரியில்கூட முங்கிக் கண்டதில்லை. எனக்காக அந்த வீட்டில் ஒருவரும் தாளித்த குழம்பு சாப்பிடவில்லை. எண்ணெய் வாசனையே இல்லை. மாதையன் யாரிடமோ சொல்லி நாலு இளநீர் வரவழைத்தார். தென்னையே இல்லாத ஊரில் அதற்கு யாரை எத்தனை மைல் நடக்க வைத்தாரோ, கேட்டால் சொல்லவில்லை. அரிப்பு தாங்காமல் நான் கத்தும்போது காளியம்மா வேப்பங்கொத்தை நீட்டி, "தடவிக்கோ, நகம் படக் கூடாது" என்பாள். "உனக்கு ஒட்டிக்கப் போகுது, போம்மா" என்றால், "எனக்கு அஞ்சு வயசுலயே வந்து போனா. நாங்க பழக்கம்" என்பாள்.

ஏழாம் நாள் முதல் தண்ணீர். முற்றத்து வெயிலில் ஒரு பானையை வைத்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு, வெயிலிலேயே சூடேற்றினார்கள். அந்தக் கோடையில் அந்த வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எந்த மட்டத்தில் இருந்தது என்று எனக்குத் தெரியும். கவலைச் சாலில் தண்ணீரோடு சேறு வந்தது. அந்தத் தண்ணீரில் ஒரு பானையை என் தலையில் ஊற்றினார்கள். மாதையன் அதை ராகிக்குப் பாய்ச்சியிருக்கலாம்.

அதற்கு மறுநாள் சம்பந்தி வந்தார்.

மாப்பிள்ளையின் தகப்பனார் வெங்கட்டப்பா. ஊர் சூளகிரிப் பக்கம். பாதித் தெலுங்கு, பாதித் தமிழ். பந்தல் விஷயம் பேச வந்தவர் வாசல் வேப்பிலையைப் பார்த்ததும் தெருவிலேயே நின்றுவிட்டார். உள்ளே படுத்திருந்த எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"யாருக்கு?"

"பெங்களூருல இருந்து வந்த பையனுக்கு. மச்சான் அனுப்பின மிஷினைக் கொண்டாந்தவன்" என்றார் மாதையன்.

"உங்க சனமா?"

"இல்லீங்க."

வெங்கட்டப்பா தெலுங்கில் மெதுவாக ஏதோ சொன்னார். "தாயே, காப்பாற்று" என்று அர்த்தமாம், பிற்பாடு காளியம்மா சொன்னாள். வாசலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். செருப்புச் சத்தம் தேய்ந்து போனது. வந்தவர் ஒரு செம்புத் தண்ணீர்கூட வாங்காமல் திரும்பிவிட்டார்.

இதில் இருந்த சங்கடம் அன்று மாலை முனியம்மா சொல்லித்தான் எனக்கு விளங்கியது. அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதலில் செம்பில் தண்ணீர் கொடுப்பார்கள். அதை வாங்கிக் குடித்த பிறகுதான் பேச்சு. நிச்சயம் பண்ணின சம்பந்தி வாசல் வரை வந்து தண்ணீர் வாங்காமல் போனால் சம்பந்தம் அறுந்தது என்று பொருள். வாயால் சொல்லவே வேண்டாம், ஊர் புரிந்துகொள்ளும். ஆனால் அம்மை வீட்டில் தண்ணீர் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. ஆகவே அவர் குடிக்காமல் போனது அம்மாவுக்குக் கட்டுப்பட்டா, சம்பந்தத்தை வெட்டிவிட்டா? அதை யாரிடம் போய்க் கேட்பது? அம்மை வீட்டிலிருந்து சூளகிரிக்கு ஆள் போகவும் கூடாது.

"என்னாலதானே அக்கா இத்தனையும்" என்றேன்.

"நீயா அவளக் கைப்புடிச்சிக் கூட்டியாந்த? அவளா வந்தா. பேசாம படு" என்றாள். அடுப்படியில் போய் மூக்கைச் சிந்தினாள்.

ஊர் சும்மா இருக்குமா? இரண்டு நாள் கழித்துச் சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு போனார்கள். "அந்தச் சம்பந்தம் அவ்ளோதான்டி. பேரிகைப் பக்கம் வேற பொண்ணு பாக்கறாங்களாம்." நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். கூடத்தில் முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்த காளியம்மாவுக்கும் அது கேட்டிருக்கும். முறத்தின் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

பதினோராம் நாள் இரண்டாம் தண்ணீர். அடுத்த நாளே அந்த முகூர்த்த நாள். பந்தல் நிற்க வேண்டிய வாசலில் ஒரு கோழி கிளறிக்கொண்டிருந்தது. காளியம்மா அன்று தலையில் பூ இல்லாமல், பழைய சேலையோடு, எனக்குக் கூழ் கொண்டுவந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏன், கூழு கசக்குதா?" என்றாள்.

"இன்னைக்கு நீ மணவறையில உக்காந்திருக்கணும்."

"உக்காந்திருந்தா உனக்கு யாரு கூழு ஊத்தறது? குடி."

குடித்தேன். என் தங்கை இருந்தால் இப்படிச் செய்திருப்பாளா என்று யோசித்துப் பார்த்தேன். பெற்ற தகப்பன் தண்ணீர் தெளித்து விட்ட ஒருவனுக்கு, யாரோ ஒரு பெண் தன் முகூர்த்த நாளில் கூழ் ஊற்றுகிறாள். அந்தக் கடனை இந்த ஜென்மத்தில் என்னால் அடைக்க முடியாது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. அடைக்க முடியாது என்பதில் ஒரு சந்தோஷமும் இருந்தது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

பதினைந்தாம் நாள். வீடு முழுக்கக் கழுவினார்கள். மூன்றாம் தண்ணீரை முனியம்மாவே என் தலையில் ஊற்றினாள். முதல் செம்புக்கு என் பெயரைச் சொன்னாள். இரண்டாம் செம்புக்கு, அவள் கேட்டு நான் சொல்லியிருந்த என் தாயார் பெயரைச் சொன்னாள். மூன்றாம் செம்புக்கு, "போய் வா தாயே, குளுந்து போ" என்றாள். உடம்பெல்லாம் வேப்பிலை ஒட்டிக்கொண்டு நின்றேன். மாதையன் தன் வேட்டியில் ஒன்றை எனக்குக் கட்டக் கொடுத்தார். தானும் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வண்டியைப் பூட்டப் போனார். சூளகிரிக்குப் போய் நேராகக் கேட்டுவிடுவது என்று முடிவு. வைகாசி தாண்டினால் ஆனி, அதற்கப்புறம் ஆடி வந்துவிடும். அவர்கள் மனசில் என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். "இல்லைன்னு சொல்லிட்டா?" என்றாள் முனியம்மா. அவர் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் தெருக் கோடியில் ஓர் ஆள் நடந்து வருவது தெரிந்தது. உச்சி வெயில். தலையில் துண்டு, கையில் ஒரு மஞ்சள் பை. முனியம்மாதான் முதலில் அடையாளம் கண்டாள். கதவைப் பிடித்துக்கொண்டாள்.

வெங்கட்டப்பா வாசலுக்கு நேராக வந்து நின்றார். உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. "மூணு தண்ணியும் ஊத்தியாச்சா?" என்று கேட்டார்.

"ஆச்சுங்க. இப்பத்தான் ஊத்தினோம்" என்றார் மாதையன்.

வெங்கட்டப்பா செருப்பைக் கழற்றினார். படியேறி வந்து, கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முனியம்மா ஓடிப் போய் செம்பை எடுத்தாள்.

"நீ வேணாம் தங்கச்சி" என்றார்.

முனியம்மா செம்போடு அப்படியே நின்றுவிட்டாள். மாதையனின் முகம் செத்துவிட்டது. உள்ளே காளியம்மா எங்கே நின்றாள் என்று நான் பார்க்கவில்லை.

"அந்தப் பெங்களூருப் புள்ள எங்க? அது கையால குடுக்கட்டும். அம்மா பதினஞ்சு நாளு தங்கிட்டுப் போன ஒடம்பு."

நான் தூண் மறைவிலிருந்து வெளியே வந்தேன். முகமெல்லாம் கறுப்புக் கறுப்பாகப் பொருக்கு. ஈரத் தலை. முனியம்மாவிடமிருந்து செம்பை வாங்கினேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போய் நீட்டினேன். அவரும் இரண்டு கையாலும் வாங்கினார். அண்ணாந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல், மூச்சு விடாமல், கடைசி வரை குடித்தார். செம்பைக் கீழே வைத்தார். வாயைத் துண்டால் ஒற்றினார்.

"சூளகிரிய விட்டு நேத்துக் கெளம்பினேன். தேன்கனிக்கோட்டையில குடுத்தாங்க. இன்னைக்கு அஞ்செட்டியில குடுத்தாங்க. வழியில வண்டிக்காரன் ஒருத்தன் எறங்கி வந்து குடுத்தான். யாருகிட்டயும் வாங்கல. அன்னைக்கு இந்த வாசல்ல குடிக்காமப் போனது எனக்கு நெஞ்சுல நின்னுகினே இருந்துச்சு. இன்னிக்கு இங்கதான் குடிக்கணும்னு வந்தேன்" என்றார். மஞ்சள் பையை மாதையன் பக்கம் தள்ளினார். "முகூர்த்தச் சேலை. வர்ற பத்தாம் நாளு பந்தலப் போடு." பிறகு செம்பை என்னிடம் நீட்டினார். "இன்னொரு செம்பு குடு, நைனா. தொண்டை காஞ்சு போச்சு."

நான் உள்ளே ஓடினேன். குடத்தடியில் காளியம்மா நின்றிருந்தாள். செம்பை என் கையிலிருந்து பிடுங்கி மொண்டாள். அவசரத்தில் பாதி என் காலில் கொட்டியது. ஒரு சொட்டுக்கும் கணக்கு வைக்கும் வீட்டுப் பெண், கொட்டியதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுபடி மொண்டாள்.